நீலம் போட்ட வெள்ளை

எனக்கு எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூர் அல்சூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது ரேஷன் கார்டுக்கும் பேங்க் சீட்டுக்கும்தான். வாக்கியம் கோணல்மாணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பது கலந்துபோகிறது. கம்ப்யூட்டர் விஷயமாக நான் எழுதுவதெல்லாம் என் மகன் சொல்லி எனக்குப் புரிந்த அளவுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பேச முடியாததால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு இரண்டு அறை. முன் அறை முழுக்க மகனுடைய மேசை. மேசை நிறைய வயர், சின்னச் சின்னப் பலகைகள், திரைகள். துடைக்கக் கூட விடமாட்டான்.

அவன் செய்த வேலை இதுதான். துணி துவைக்கும் மெஷின், லிஃப்ட், தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி, எல்லாவற்றிலும் இப்போது தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை இருக்கிறது இல்லையா? அதற்குப் பின்னால் இருப்பது பெரிய கம்ப்யூட்டர் இல்லை. புளியங்கொட்டையில் பாதி இருக்கும் ஒரு சில்லு. அதற்கு ஞாபகம் மிகவும் கொஞ்சம், என்னைப் போல. அந்தக் கொஞ்ச ஞாபகத்துக்குள் எண்ணை எப்படி வரைவது, கோட்டை எப்படி இழுப்பது, பொத்தானை அழுத்தினால் அழுந்தியது போல எப்படிக் காட்டுவது என்று கட்டளை எழுத வேண்டும். அப்படி எழுதிய கட்டளைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தான். அதை லைப்ரரி என்பான். புத்தகம் இருக்கிற லைப்ரரி இல்லை. திரை வைத்து மெஷின் செய்கிறவர்கள் தாங்களே எல்லாவற்றையும் எழுதாமல், இதை எடுத்துத் தங்கள் மெஷினுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

அதை அவன் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கிற பொருளில் கூடப் போடலாம் என்று இண்டர்நெட்டில் திறந்து வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரி இதைக் கேள்விப்பட்டு வாசலில் நின்று சிரித்தாள்.

"இன்னாக்கா, உம் பையன் ஊருக்கெல்லாம் அன்னதானம் போடறானாமே! எச்ச இலை யாரு எடுக்கறது, நீயா?"

நான் அரிசி களைகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். ஆனால் அவள் சொன்னது ஒரு வகையில் சரிதான். சும்மா கொடுக்கிற பொருளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காலையில் எழுந்தால் எந்தெந்த நாட்டிலிருந்தோ குறைகள் வந்து கிடக்கும். என் திரையில் எழுத்து பாதி வெட்டுப்படுகிறது, என் மெஷினில் வட்டம் முட்டையாக வருகிறது, அவசரம், இன்றைக்கே வேண்டும். ஒருவரையும் விடாமல் பதில் எழுதுவான். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும். எழுதுவது பாதி வேலை, எழுதியதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் மீதி வேலை என்பான்.

முன்பு வைட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். கல்யாணமும் ஆனது. அது நிற்கவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு கண்ணில் பொட்டு வந்தது. பார்க்கிற எதற்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. எழுத்தைப் பார்த்தால் எழுத்தின் மேல், முகத்தைப் பார்த்தால் முகத்தின் மேல். சிவாஜிநகர் பக்கத்து டாக்டரிடம் போனோம், பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். கண்ணுக்குள் பின்பக்கத்துத் திரை நடுவிலிருந்து தேய்கிறது, மருந்து கிடையாது, ஓரத்துப் பார்வை மட்டும் நிற்கும் என்றார்கள். பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பான். பால் பூத்தில் பேசுகிறவர்களுக்கு, இவன் மதிக்காமல் வேறெங்கோ பார்க்கிறான் என்று தோன்றும். கம்பெனி வேலையை அவனே விட்டுவிட்டான். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

லைப்ரரியை மட்டும் விடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றான். "கண்ணு தெரியாதவன் போட்ட படத்தை நம்பி எவனாவது மெஷின்ல வெப்பானா? எங்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நான் சொல்லவில்லை. நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?

கட்டளை எழுதுவதற்குக் கண் வேண்டாம். கம்ப்யூட்டர் ஒரு பெண் குரலில் எழுத்தையெல்லாம் படித்துக் காட்டும். மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவன் கூட அவ்வளவு வேகமாகக் கத்த மாட்டான். எனக்கு ஒரு சொல் புரியாது, அவனுக்கு எல்லாம் புரியும். வந்த குறைகளையும் அதுவே படிக்கும். ஆனால் படம்? கட்டளை எழுதி முடித்து, பலகைக்கு அனுப்பி, திரையில் என்ன வந்திருக்கிறது என்று ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். போனில் படத்தைப் பார்த்துச் சொல்கிற ஒன்றைப் போட்டுப் பார்த்தான். "மேசையின் மேல் ஒரு சிறிய கருவி இருக்கிறது" என்று அது சொன்னது.

"இது எனக்கே தெரியும்டா" என்று போனைத் திட்டினான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். "அம்மா, கையைத் துடைச்சிட்டு இங்க ஸ்வல்ப வாயேன்."

அப்படித்தான் நான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன். காலையில் சாதம் வடித்துவிட்டு உட்காருவேன். மத்தியானம் ஒரு தடவை.

"என்னம்மா தெரியுது?"

"ஒரு பெட்டி. அதுக்குள்ள எட்டு."

"பெட்டி ஓரமெல்லாம்?"

"மூணு பக்கம் சரியா இருக்கு. கீழ்ப் பக்கம் எலி கடிச்ச மாதிரி இருக்குப்பா."

"எலி எங்க ஆரம்பிச்சு எங்க முடிச்சுது?"

"இடது கைப் பக்கம் ஆரம்பிச்சு பாதியில வயிறு ரொம்பிப் போயிடுச்சு."

அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே எதையோ தட்டுவான். "இப்போ?" என்பான். எலி போயிருக்கும். எனக்குத் தெரிந்த சொல்லில்தான் நான் சொல்வேன். எண்ணின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறது, கோடு தையல் விட்ட மாதிரி இருக்கிறது, எழுத்துக்குப் பின்னால் ஈரத் துணியில் மை ஊறின மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எந்த இடத்தில் தப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

தொடுகிற திரை வந்தால் என் விரலால் தொடச் சொல்வான். பல வருஷம் ஊதுபத்தி உருட்டிய விரல், ரேகையெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மெஷினே என் விரலைத் தெரியாது என்று சொல்லிவிடும். இந்தத் திரைகளும் அப்படித்தான். தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், பொத்தான் அசையாது. "உன்னைப் பேய்னு நெனச்சுக்குது" என்பான்.

சில சாயங்காலங்களில் வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் வருவார்கள். லைப்ரரிக்கு உதவி செய்கிறவர்கள். அப்போது நான் கேமராவுக்கு எட்டாத மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் குசுகுசுவென்று சொல்வேன். ஒரு நாள் அவர்களில் ஒருவர், அங்கே யார் பேசுவது என்று கேட்டாராம். இவன் ஏதோ இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் எல்லோரும் கை அசைத்தார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பிறகு கேட்டதற்கு, "என் டெஸ்டர்னு சொன்னேன், சோதிச்சுப் பாக்கறவங்கன்னு" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு என் கண்ணிலும் புரை விழுந்தது. வயதானால் விழுவதுதான். நீலமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது, வெள்ளை பழுப்பாக இருந்தது. அவன் அதையும் பழகிக்கொண்டான். நான் கறுப்பு என்றால், "கறுப்பா, இல்ல உன் கறுப்பா?" என்று கேட்பான். தட்டுத் தடுமாறி ஓட்டினோம். கடைசியில் ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் உலகமே நீலமாக இருந்தது. சுவர் நீலம். ட்யூப் லைட் நீலம். வேட்டி துவைத்து யாரோ சொட்டு நீலத்தை அதிகமாகப் போட்டுவிட்ட மாதிரி. பாலைக் காய்ச்ச வைத்துவிட்டு, பால் நீலமாக இருக்கிறது, தண்ணீர் கலந்துவிட்டான் என்று பால் பூத்துக்காரனிடம் போய் நின்றேன். சண்டை போடவும் தைரியம் இல்லை. சும்மா பாக்கெட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தால் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி, அதை எடுத்ததும் எல்லாம் நீலம் தூக்கலாகத் தெரியும், நாள் போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவன் அதிலிருந்து நீலத்தைக் கழித்துவிடுவான். மஞ்சள் தூள் வெளுத்துப்போச்சு என்பேன். "தூள் சரியாத்தாம்மா இருக்கு" என்பான்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

அவனுக்கு மாதச் செலவுக்கு என்று பணம் வந்துகொண்டிருந்தது ஒரே ஒருவரிடமிருந்துதான். சந்தாபுராவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர். கிராமங்களில் காலையில் பெண்கள் பால் கொண்டுவந்து ஊற்றுவார்களே, அங்கே பாலைக் குளிர வைக்கிற பெரிய தொட்டி இருக்கும். அந்தத் தொட்டிக்கு மாட்டுகிற பெட்டியை இவர் செய்வார். பெட்டியில் சின்னத் திரை. பால் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று எண் காட்டும். சரியான குளிரில் இருந்தால் எண்ணுக்குப் பின்னால் வெளிர் நீலம். சூடு ஏறினால் வெளிர் மஞ்சள். தொட்டியைக் கவனிக்கிறவர் வாசலில் இருந்தே நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தத் திரைக்குள் இருந்தது என் மகனுடைய லைப்ரரி. வேலையெல்லாம் போனில்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது பொட்டு கிடையாது.

பழைய திரை செய்வதை நிறுத்திவிட்டார்கள், புதுத் திரை வாங்கியிருக்கிறேன், லைப்ரரி இதிலும் ஓட வேண்டும் என்று அவர் ஒன்றை அனுப்பினார். அவசரம் என்று தினமும் போன் செய்தார். புதுத் திரையில் எண்களின் ஓரம் பிசிறடித்தது. மகன் நாள் முழுக்க அதையேதான் துரத்திக்கொண்டிருந்தான். என்னையும் ஓரத்தை மட்டுமே பார்க்கச் சொன்னான்.

"இப்போ பாரும்மா. ஏழோட மூக்கு எப்படி இருக்கு?"

"மூக்கு நல்லா வந்துடுச்சு."

"மூணோட வயிறு?"

"வழவழன்னு இருக்கு. பிசிறே இல்ல."

"அப்பாடா."

"பின்னாடி மட்டும் என்னமோ போல இருக்குப்பா. நீலம் போட்ட வெள்ள மாதிரி."

அவன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். "உனக்குத்தான் இப்ப எல்லாமே நீலம் போட்ட வெள்ளையா இருக்கே. அது மஞ்சள்மா. ரூம் சூட்டுக்கு வெளிர் மஞ்சள்தான் வரும். உன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

நானும் சிரித்தேன். சரிதான் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சுவரே நீலமாக இருந்ததே. அவன் அதைத் திறந்து வெளியிட்டு, சந்தாபுராவுக்கும் போன் செய்து சொன்னான். அன்றைக்கு அல்சூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கிவந்து எண்ணெய் கத்திரிக்காய் செய்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

அது மஞ்சள் இல்லை. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தை வரிசையாக அனுப்ப வேண்டுமாம். இந்தப் புதுத் திரை அதை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக எதிர்பார்க்கிறதாம். சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டால் வெளிர் மஞ்சள் வெளிர் நீலமாகும், வெளிர் நீலம் மஞ்சள் பக்கம் போகும். கறுப்பும் வெள்ளையும் மாறாது. அதனால் எண்ணெல்லாம் அழகாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் சந்தாபுராக்காரர் முன்னால் சொல்லாமல் வந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, கையில் இருந்த பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"என்னா குரு, இப்படிப் பண்ணிட்டே?" எங்கள் ஊரில் பழகினவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மகன் எழுந்து நின்றான். அவர் நின்றுகொண்டே சொன்னார். ஆனேக்கல் தாண்டி ஒரு கிராமத்தில் தொட்டியைக் கவனிக்கிறவர், புதுப் பெட்டி மாட்டியதிலிருந்து மஞ்சளாகவே இருக்கிறது என்று கவலைப்பட்டுக் குளிரைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பால் குளிராகத்தான் இருந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் குளிர வைக்கிற மோட்டார் நின்றுவிட்டது. பால் சூடானது. திரை நீலமானது.

"நம்பரை யாரு பாக்கறா, கலரைத்தான் பாப்பாங்க. நீலம் வந்துச்சுன்னு அந்த ஆளு சந்தோஷமா போயி டிபன் சாப்ட்டிருக்காரு, குரு. அப்பாடா, சரியாயிடுச்சுன்னு."

"அலாரம்?" என்றான் மகன்.

"அத எப்பவோ கழட்டிட்டாங்க. காது வலிக்குதாம்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தொட்டி முச்சூடும் கெட்டுப்போச்சு. சாக்கடையில ஊத்தினாங்க. பால் ஊத்தற பொம்பளைங்கல்லாம் சுத்தி நின்னு பார்த்துனு இருந்தாங்க. அது போவட்டும். அதுக்கு முன்னாடியே கொஞ்சம் பால் பக்கத்து ஹாஸ்டலுக்குப் போயிடுச்சு. பசங்க வாந்தி. ஒரு பொண்ணை ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்க. இன்னும் கண்ணு முழிக்கல."

நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க மேலயும் தப்பு இருக்கு. இல்லேங்கல" என்றார் அவர். "பட்டறையில ஓட்டிப் பாத்தோம். நீலம் வந்துச்சு. நீலம்னா நல்லதுன்னு எங்க ஆளு டிக் போட்டுட்டான். அது பாலுக்கு வெளிய கிடக்கற பெட்டி, ரூம் சூட்டுக்கு மஞ்சள்தானே வரணும்னு ஒருத்தனுக்கும் தோணல. ஆனா நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். நீ பாக்காம விடமாட்டியே." பெட்டியை ஓட விட்டு மகன் கையில் கொடுத்தார். "பாரு. இதா மஞ்சள்?"

மகன் அதை வாங்கினான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டியைக் காதோரமாகக் கொண்டுபோனான். மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பினான். அவனால் முடிந்தவரை பார்த்தான்.

"என்னா குரு, பெட்டி இங்க இருக்கு, நீ சுவத்தப் பாக்கறே?"

அவன் பெட்டியை இன்னும் கிட்டே கொண்டுபோனான். அந்த மனிதர் முன்னால் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அவனுக்குத் தெரியாதுங்க. கண்ணு போயிடுச்சு. நாந்தான் பாத்துச் சொல்றது."

"அம்மா!" என்றான் மகன்.

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. பிறகு அவனைப் பார்த்தார். பிறகு முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீ லைப்ரரி மேலயே எழுதி வெச்சிருக்க, எதுக்கும் நான் பொறுப்பில்லன்னு" என்றார். "நேத்து லாயர்கிட்ட காட்டினேன். உன்ன ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு."

"அது சட்டத்துக்காக எழுதறது சார்" என்றான் மகன். "எல்லாரும் எழுதறது."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு ஆள அனுப்பியிருப்பேன் குரு. வந்து பாத்துட்டுப் போயிருப்பான். இங்க இருக்குது சந்தாபுரா. ஒரு பஸ்ஸு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கொடுத்த காப்பியைக் குடித்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம், "பேஜார் பண்ணிக்காதீங்கம்மா" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஆனா இனிமே நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். பால் பெட்டியில எம் பேரு இருக்கு." பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஹாஸ்டல் பெண் மூன்றாவது நாளோ நாலாவது நாளோ கண் விழித்தாள் என்று போன் வந்தது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் பால் வாங்கவில்லை. நானும் வாங்கப் போகவில்லை, அவனும் கேட்கவில்லை.

தப்பைத் திருத்துவதற்கு ஒரே ஒரு வரி மாற்றினால் போதுமாம். அன்றைக்கே மாற்றினான். எங்களிடம் இருந்த திரையில் ஓட விட்டான்.

"என்ன கலர்மா?"

என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நான் மஞ்சள் என்று சொல்லி, அது மஞ்சளாக இல்லாமல் போய்விட்டால்? எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவந்தேன். அவள் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சள். வேற இன்னா? இதுக்கா கூப்ட்ட?" என்று சிரித்தாள். "ஏன்க்கா, ரெண்டு பேருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டாகச் சொன்னாள். மகன், "தேங்க்ஸ்க்கா" என்றான். அவள் போன பிறகு மேசை மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான்.

மறுநாள் அவன் லைப்ரரிக்கு உதவுகிற எல்லோருக்கும் எழுதினான். தனக்குப் பார்வை போய்விட்டது, படத்தைத் தன்னால் சரிபார்க்க முடியாது, இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தது தப்பு என்று. அனுப்புவதற்கு முன்னால் கம்ப்யூட்டரை மெதுவாகப் படிக்க வைத்து, ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் சொன்னான். அந்த ஒரு தடவைதான் அந்தப் பெண் குரல் நிதானமாகப் பேசிக் கேட்டேன்.

பதில்கள் வந்தன. நல்ல மனிதர்கள், ஆறுதலாக எழுதினார்கள். இத்தனை வருஷம் உன் வேலையை வைத்துத்தான் நாங்கள் பிழைத்தோம் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். எப்போதிலிருந்து தெரியவில்லை? எந்தெந்த வெளியீடு யாரும் கண்ணால் பார்க்காமல் போனது?

"அம்மா பாத்தாங்கன்னு எழுதேன்" என்றேன்.

அவன் அந்தக் கேள்வியை மறுபடியும் படிக்க வைத்துக் கேட்டான். பிறகு ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார்கள். இன்னும் ஒன்றிரண்டு தப்பு கிடைத்ததாம், சின்னதுதானாம். பிறகு சாவியை வேறொருவரிடம் கொடுக்கும்படி ஆனது. சாவி என்றால் நிஜச் சாவி இல்லை. லைப்ரரியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிற உரிமை. இவனே கொடுத்தான். யாரும் பிடுங்கவில்லை. தொடங்கியவர் என்று இவன் பெயரை அப்படியே வைத்திருக்கிறார்கள். கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லலாமே என்றும் கேட்டார்கள். கொஞ்ச நாள் சொன்னான். பிறகு குறைகள் அந்தப் புது ஆளுக்கே நேராகப் போக ஆரம்பித்தன. இப்போது இவனுக்கு ஒன்றும் வருவதில்லை. காலையில் காப்பி கொடுத்தால் சூடாகவே குடித்துவிடுகிறான்.

பலகைகளையும் திரைகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறோம். தூக்கிப் போடவும் மனசில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனசில்லை. மேசையை நான் இப்போது துடைக்கலாம். துடைக்க ஒன்றும் இல்லை.

போன வாரம் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பார்வை இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டியிருந்தது. அங்கே லிஃப்ட்டில் சின்னத் திரை இருந்தது. மூன்று என்று வந்தது. மூன்றின் வயிற்றில் பிசிறு. என் கண் தானாகவே அங்கே போய்விட்டது. முன்பெல்லாம் லிஃப்ட்டில் ஏறியதும் அவனே கேட்பான், எண் எப்படி இருக்கிறது, ஓரம் எப்படி இருக்கிறது என்று. சில நேரம் அது அவனுடையதாகக் கூட இருக்கும். இந்தத் தடவை கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். கதவு திறந்ததும் இறங்கினோம். நானும் சொல்லவில்லை.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவனுக்குக் கண் தெரிந்த காலத்தில் நான் எதை எழுதினாலும், பேங்கில் கொடுக்கிற சீட்டானாலும், முதலில் அவனிடம் காட்டித் திருத்திக்கொண்டுதான் கொடுப்பேன். இதை அவனால் படிக்க முடியாது. போனைக் காட்டிப் படிக்க வைத்துப் பார்த்தேன், என் கையெழுத்தைப் பார்த்து அது வேறு எதையோ உளறுகிறது. நானே அவனுக்குப் படித்துக் காட்டலாம். என்னால் முடியவில்லை. ஆகையால் இதைப் படிக்கிறவர்களில் திரை வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக நிறங்களை. எது எதுவாக மாறியது, பால் சூடாக இருந்தபோது திரையில் வந்தது எந்த நிறம் என்பதை. எனக்கு இன்னொரு கண்ணில் புரை அப்படியே இருக்கிறது.